கன்பார்ம் ஆயிருச்சா?

ஊருக்கு வருகிறேன் என்று நான் போனில் சொன்னால், என்றைக்கு வருகிறாய் என்று எங்கள் வீட்டில் கேட்க மாட்டார்கள். "கன்பார்ம் ஆயிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அப்பா கேட்பார், அண்ணன் கேட்பான், போன் கைமாறி அம்மாவிடம் போனால் அவளும் அதையே கேட்பாள். 2003இல் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திருத்தங்கலிலிருந்து சென்னைக்கு வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான். அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. ஒருநாள் விடியக்காலையில் வாசலில் வந்து நிற்பான். "கக்கூஸ் பக்கத்துல பேப்பர விரிச்சுப் படுத்து வந்தேன்" என்பான். வீடே சிரிக்கும். அம்மா அவனுக்குச் சுடுதண்ணீர் போடுவாள். அதே வார்த்தைகளை நான் சொல்லியிருந்தால் அன்றோடு என் ஆய்வு முடிந்திருக்கும், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். ஓர் ஆண் டிக்கெட் இல்லாமல் வந்தால் அது சாமர்த்தியம். பெண் வந்தால், என்ன அவசரம், யாரோடு வந்தாள், எங்கே உட்கார்ந்து வந்தாள் என்று வரிசையாக விசாரணை நடக்கும்.

சென்னையிலிருந்து விருதுநகர் ஓர் இரவுத் தூரம். எழும்பூரில் ஏறினால் செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல், மதுரை. மதுரை தாண்டியதும் காற்றில் ஈரம் போய்விடும், விடிவதற்குள் விருதுநகர். அப்போதெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து விருதுநகரில் இறங்கி, பஸ் பிடித்துத் திருத்தங்கல் போவேன். பிறகு பொதிகை வந்ததும் சிவகாசியிலேயே இறங்க முடிந்தது. தென்மாவட்டம் முழுவதும் சென்னையில் பிழைக்கிறது, ஊருக்குப் போகும் தண்டவாளமோ ஒன்றுதான் என்பதால், இந்த ரயில்களில் இடம் கிடைப்பது எப்போதும் பாடுதான். முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்துகொண்டிருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்தார்கள். 120 ஆனாலும் 60 ஆனாலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மற்ற நாட்களில், நாலு மாதத்துக்கு முன்பே தன் துக்கத்தையும் சந்தோஷத்தையும் திட்டமிட்டு வைக்கத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான்.

டிக்கெட்டில் டபிள்யு.எல். 64 என்று இருக்கும். யாரோ ஒருவரின் அத்தை பிழைத்துக்கொள்கிறாள், யாருக்கோ லீவு கிடைக்கவில்லை, ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோகிறது. அவர்கள் ரத்து செய்யச் செய்ய என் எண் 41 ஆகி, 22 ஆகி, ஒரு கட்டத்தில் ஆர்.ஏ.சி. என்று மாறும். முழுப் படுக்கை கிடையாது, பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் பாதி, இன்னொருவரோடு உட்கார்ந்து வரலாம் என்பது அதன் பொருள். சார்ட் போடும்போது இன்னும் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் முழுப் படுக்கை. கடைசிவரை நகரவில்லை என்றால், இணையத்தில் எடுத்த டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். கவுண்டரில் எடுத்த டிக்கெட் கையில் தாளாக இருக்கும், ஆனால் முன்பதிவுப் பெட்டியில் ஏறும் உரிமை அதற்குக் கிடையாது. நான் மாணவியாக இருந்த காலத்தில் சார்ட்டைப் பெட்டியின் வாசலருகே பசை தடவி ஒட்டியிருப்பார்கள். பிளாட்பாரத்தின் மங்கலான வெளிச்சத்தில் பத்துப் பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, விரலை வரிசைவரிசையாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். என் பெயருக்குப் பக்கத்தில் எஃப் என்று இருக்கும், 23 என்று இருக்கும், படுக்கை எண் இருக்கும். இருபத்துமூன்று வயதுப் பெண் இந்தப் படுக்கையில் தனியாக வருகிறாள் என்று ஊருக்கே அறிவிக்கும் தாள் அது. ஒரு தடவை எனக்கு முன்னால் நின்று சார்ட்டைப் படித்த இரண்டு பையன்கள், "எஸ் செவன்ல ஒரு எஃப் ட்வென்டி த்ரீ இருக்குடா" என்று பேசிக்கொண்டு போனார்கள். அந்த எஃப் 23 அவர்களுக்குப் பின்னால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தது. 2018 மார்ச்சில் பெரிய நிலையங்களில் பெட்டியில் சார்ட் ஒட்டுவதை நிறுத்தினார்கள். காகிதம் மிச்சம் என்றார்கள். மிச்சமானது காகிதம் மட்டுமில்லை.

விமானத்தில் இதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர் என்று என்னிடம் சொன்னவள் பழைய மாணவி ஒருத்தி. சாத்தூர்ப் பக்கத்துப் பெண். துபாயில் ஒரு விமான நிறுவனத்தின் தரைப்பணியில் இருக்கிறாள். ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் உண்டு, ஆனால் பணம் கட்டிய பயணிகள் எல்லாரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால்தான். மிஞ்சினாலும் வேலையில் மூத்தவர்களுக்கு முதலில். மதுரைக்கு வருவதற்கு அவள் பெட்டியோடு வாயிலருகே உட்கார்ந்திருப்பாளாம். கதவு மூடப்போகும் நேரத்தில் பெயரைக் கூப்பிட்டால் ஓட வேண்டும். கூப்பிடாவிட்டால் மறுபடி அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரிக்காமலேயே படுத்துக்கொண்டு, மறுநாள் மறுபடி வர வேண்டும். ஒருமுறை மூன்று நாள் அப்படிப் போய்த் திரும்பியிருக்கிறாள். அழுகையாக வந்திருக்குமே என்றேன். "இல்ல மேம், மூணாவது நாள் அந்த கேட்டுல இருந்த அக்கா டிபன் கொண்டுவந்து குடுத்தாங்க. நமக்குத்தான் ஆர்.ஏ.சி. பழக்கம்தானே" என்று சிரித்தாள். அவள் வீட்டில் கன்பார்ம் ஆனதாகப் பொய் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கிளம்புவாளாம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

ஆம், பொய் சொன்னேன். 2004இலேயே ஆரம்பித்துவிட்டது. டபிள்யு.எல். 18 கையில் இருக்கும், "எஸ் ஃபோர், 32, லோயர் பெர்த்" என்று அப்பாவிடம் கூசாமல் சொல்வேன். உண்மையைச் சொன்னால் வராதே என்பார். வராதே என்றால் அந்த மாதம் ஊர் இல்லை, அம்மா இல்லை. நிச்சயமில்லாமல் ஒரு பயணம் கிளம்புவது எனக்கு அனுமதிக்கப்பட்ட காரியமில்லை. அதைத் திருட்டுத்தனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வகுப்பில் அகத்திணை நடத்தும்போது இது நினைவுக்கு வரும். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். அவன் போவான், அவள் இருப்பாள். கடல்வழிப் பயணம் பெண்ணோடு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பாவே இருக்கிறது. காத்திருப்பது நம் மரபில் பெண்ணின் வேலை. ஆனால் அவள் வீட்டில் காத்திருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு, இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் பெண்ணுக்குத் திணையும் இல்லை, துறையும் இல்லை. முதலாமாண்டு மாணவி ஒருத்தி, "அவன் வர லேட்டாச்சுன்னா இவ கிளம்பிப் போய்ப் பாக்க வேண்டியதுதானே மேம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பயம் பொய்யில்லை. அதையும் சொல்ல வேண்டும். 2009 வாக்கில் ஒரு ஆர்.ஏ.சி. இரவு. பாதிப் படுக்கையின் மறுபாதியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். தாம்பரம் வரை நல்ல மனிதராகப் பேசிக்கொண்டு வந்தார். செங்கல்பட்டு தாண்டியதும் கால் நீட்டினார். தூக்கத்தில் நீட்டுகிறார் என்று முதலில் நினைத்தேன். தூங்குகிறவருடைய கால் எதிராளி நகர நகரக் கணக்காகப் பின்தொடராது. பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கத்தியிருக்கலாம். கத்தினால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்: கன்பார்ம் இல்லாமல் நீ ஏன் வந்தாய்?

விழுப்புரத்தில் எதிர்ப் படுக்கையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தார். பாத்ரூம் போய்விட்டு வந்து நேராக அந்த ஆளின் முன்னால் நின்று, "அண்ணாச்சி, எனக்கு மேக்க ஏற முடியல, கீழயும் காத்து வரல. நீங்க அந்தப் பக்கம் போயி அந்தப் பையங்கூட உக்காருங்க. இந்தப் பிள்ளகூட நான் உக்காந்துக்கிடுறேன்" என்றார். கேட்கவில்லை, அறிவித்தார். அதற்குள் அடுத்த தடுப்பில் இன்னொரு ஆர்.ஏ.சி.யில் இருந்த பையனிடம் பேசி முடித்திருந்தார். அந்தப் பையனோடு இருந்த பெண்ணைத் தன்னுடைய படுக்கைக்கு அனுப்பியிருந்தார். டி.டி.ஆர். போனபிறகு பெண்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் இரண்டாவது சார்ட் ஒன்று ஒவ்வொரு ரயிலிலும் உண்டு என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பெரியம்மா என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. "தலமாடு கால்மாடாப் படு தாயி. ரெண்டு பொம்பளைக்கு இது தாராளம்" என்றார். அவருடைய பாதங்கள் என் தோளருகே இருந்தன, பித்தவெடிப்பும் மருதாணியுமாக. அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கன்பார்ம் படுக்கையிலும் தூங்கியதில்லை. அருப்புக்கோட்டைக்குப் போகிறவர், விருதுநகரில் என்னோடு இறங்கினார்.

சட்டம் பெண்களுக்காகச் சிலவற்றைச் செய்துதான் வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் ஒரு தடுப்பையோ சில இடங்களையோ பெண்களுக்கென்று ஒதுக்கச் சொல்கிறது. நெடுந்தூர ரயில்களில் தூங்கும் வசதி வகுப்பில் ஆறு படுக்கைகள் தனியாகவோ பெண்கள் கூட்டமாகவோ வருகிறவர்களுக்கு, எந்த வயதானாலும். இதில் எனக்குப் பிடித்தது 139ஆம் பிரிவு. ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ ரயிலிலிருந்து இறக்கிவிட வேண்டி வந்தால், அவள் ஏறிய நிலையத்திலோ, சந்திப்பிலோ, கடைசி நிலையத்திலோ, மாவட்டத் தலைநகர் நிலையத்திலோதான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும். டிக்கெட் நிலவரம் கேட்க நாம் அழைக்கும் எண்ணும் 139தான் என்பது தற்செயலாக இருக்க வேண்டும். எத்தனை பெண்களுக்கு அந்தப் பிரிவு தெரியும்? அழைக்கும் எண் எல்லாருக்கும் தெரியும். நான் என் வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

இனி 2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். மாணவிகள் கேக் வெட்டி, எங்களைப் பாட்டுப் பாட வைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துறை அறைக்கு வந்தபோது போனில் ஏழெட்டுத் தவறிய அழைப்புகள். சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. யாரோ சொன்னார்கள், இருபது பேர் என்று. அடுத்து யாரோ முப்பது என்றார்கள். ஏறத்தாழ நாற்பது பேர் இறந்திருந்தார்கள். புகையைப் பார்த்து உதவ ஓடிப்போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் இருந்தார்கள்.

அம்மா பயராபீஸில் வேலை பார்த்தாள். எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். மற்ற ஊரில் ஆபீசுக்குப் போகிறவர்கள் பேனா வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஆபீசுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளி வைத்திருப்பார்கள். சிறுபிள்ளையில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள், கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசில் சரம் பின்னப் போனாள். விடிவதற்கு முன்பே தெருமுனையில் கம்பெனி வண்டி வந்து ஆரன் அடிக்கும். திரும்பி வரும்போது விரல் இடுக்குகளில் வெள்ளியாய் ஒரு மினுக்கம் இருக்கும். அவள் வேலை பார்த்த ஆபீஸ் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆள் குறைந்தால் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பதும் தெரியும். அவள் போன் அணைந்திருந்தது. வேலைக்குப் போகும்போது போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்த எதுவும் அந்த மத்தியானத்தில் உதவவில்லை. அண்ணன் எண்ணும் அப்பா எண்ணும் கிடைக்கவே இல்லை. அன்று அந்த வட்டாரத்துக்கு ஊரே போன் செய்துகொண்டிருந்திருக்கும்.

எழும்பூருக்குப் போனபோது எந்த வண்டியிலும் எதுவும் இல்லை. தட்கல் முடிந்திருந்தது. பொது டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு, ரயிலின் வால் பக்கம், கார்டு பெட்டியோடு ஒட்டியிருக்கும் பெண்கள் தடுப்பில் ஏறினேன். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் முப்பது பேர் இருந்தோம். நான் படியேறும்போதே ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிவகாசியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "இங்கன வா. ஒட்டி உக்காரு" என்று தன் மடியிலிருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றி இடம் செய்தார். இன்னும் இரண்டு பேர் அதே காரணத்துக்காக அந்தப் பெட்டியில் இருந்தார்கள். ஒருவருடைய மதினி முதலிப்பட்டி ஆபீசுக்கே போகிறவர். அவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் அவரைச் சுற்றியே உட்கார்ந்திருந்தோம். மேல்மருவத்தூருக்குப் போய்விட்டுத் திரும்பும் செவ்வாடைப் பெண்கள் சிலர் சாத்தி வைத்திருந்த மூட்டையைப் பிரித்துப் புளிசாதம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றவரின் கையில் உருண்டையை வைத்து மூடினார்கள்.

விருத்தாசலம் தாண்டி என் போன் அடித்தது. அம்மா. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து.

"நான் வீட்லதான் இருக்கேன். சத்தம் கேட்டதும் எல்லாரையும் அனுப்பிட்டாக. வண்டி இல்ல, நடந்து வந்தோம், அதான் லேட்டு. நீ எங்க இருக்க?"

"ரயில்ல."

"எதுக்கு இப்படி ராவுல கெடந்து வர்ற?" என்றாள். பிறகு, அந்த இரவிலும், "டிக்கெட்டு கன்பார்ம் ஆயிருச்சா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்தக் கேள்வி அப்படியே எனக்குள் நின்றுவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெருமுனையில் கம்பெனி வண்டி ஆரன் அடிக்கிறது. அம்மா ஏறிப் போகிறாள். தெருவின் பாதிப் பெண்கள் ஏறிப் போகிறார்கள். சாயங்காலம் திரும்புவது கன்பார்மா என்று ஒரு நாள்கூட எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அப்பா கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மகள் ஒரு ரயிலில் உட்கார்ந்து வருவதற்கு அத்தனை நிச்சயம் கேட்ட வீடு, அம்மாவை வெடிமருந்துக்கு நடுவே எந்த நிச்சயமும் இல்லாமல் முப்பது வருடம் அனுப்பிக்கொண்டிருந்தது. அவளுடைய கூலியில்தான் நான் பி.ஏ. படித்தேன். பெண்ணுக்கு ஆபத்து என்றால் இரவும் ஆணும் ரயிலும் மட்டும்தான் என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மதினியைத் தேடி வந்தவர் மதுரையிலேயே இறங்கினார். தீக்காயம் பட்டவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று இரவில் செய்தி வந்திருந்தது. அவரோடு செவ்வாடைப் பெண்களில் இருவர் இறங்கினார்கள். அவர்கள் இறங்க வேண்டிய ஊர் அதுவல்ல. அவர் பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. மதினி என்ன ஆனார் என்றும் தெரியாது. மறுநாள் பத்திரிகையில் வந்த பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது, எந்தப் பெயரை அவருக்காகத் தேடுவது என்று தெரியாமல் எல்லாப் பெண் பெயர்களையும் இரண்டு முறை வாசித்தேன். பெயர், வயது. அதுவும் ஒரு சார்ட்தான்.

சில நாளில் அம்மா மறுபடி வேலைக்குப் போனாள். போகாதே என்றேன். "நீ ரயில்ல வராத, நான் ஆபீசுக்குப் போகல" என்றாள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடைசெய்தபோதுதான் அவள் கை ஓய்ந்தது. அவளுக்குத் தெரிந்த வேலை சரம் பின்னுவது. புகைக்கும் குப்பைக்கும் அந்தத் தடை நல்லதென்று எனக்குத் தெரியும். பின்னிப் பின்னிப் பழகிய விரல்கள் ஒரு தீர்ப்பில் வேலையற்றுப்போவதையும் பார்த்தேன். டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது சேலை முந்தானையின் நூலைப் பின்னிப் பின்னிப் பிரிப்பாள். பட்டாசைப் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பியவள் ஒரு தீபாவளிக்கும் வெடி போட்டதில்லை. அந்த வாடையே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். சென்னையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொரு வருடமும், "ஊர்ல இருந்து வரும்போது கொஞ்சம் பட்டாசு கொண்டு வாங்களேன்" என்பார்கள். ரயிலில் பட்டாசு கொண்டுவந்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கும். எங்கள் ஊர் செய்யும் பொருளுக்கு எங்கள் ஊர் ரயிலில் என்றைக்கும் இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில்கூட.

அப்பா 2019இல் போய்விட்டார். இடையில் எனக்கு ஒரு திருமணமும் அதிலிருந்து ஒரு விலகலும். அவற்றை வேறொரு கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம். 2025இல் எனக்கு 45 முடிந்தது. முதியோர், கர்ப்பிணிகள், 45 வயதைத் தாண்டிய பெண்கள் ஆகியோருக்கென்று ஒவ்வொரு தூங்கும் வசதிப் பெட்டியிலும் ஆறேழு கீழ்ப்படுக்கைகளை ரயில்வே தனியாக வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நுழைந்துவிட்டேன். எந்தச் சிபாரிசும் இல்லாமல் எனக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்த முதல் இரவு, தூக்கம் வரவில்லை. பக்கவாட்டில் யாரோ இருவர் ஆர்.ஏ.சி.யில் முட்டி இடிக்க உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார்கள். பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அதே வருடம் ஆவணியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஊருக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபிறகு, குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். எதுவும் சொல்லாமல் போனை வைத்தாள். மறுநாள் சாயங்காலம் அவளே அழைத்தாள்.

"பொதிகைக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக் குடுத்தான். காலையில வந்துருவேன்."

அறுபத்தேழு வயது. அதுவரை தனியாக விருதுநகருக்கு வடக்கே அவள் ரயில் ஏறியதில்லை. 58 தாண்டிய பெண்களுக்கு டிக்கெட்டில் பாதி விலைச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். சலுகை இருந்த காலத்தில் அவள் எங்கும் போகவில்லை, போகும்போது சலுகை இல்லை. எனக்கு எழுந்து உட்காரவே முடியவில்லை. ஆனாலும் வாயிலிருந்து அதுதான் வந்தது:

"கன்பார்ம் ஆயிருச்சாம்மா?"

"ஆர்.ஏ.சி.யாம். பாதி சீட்டாம்."

"யாரு கூட உக்காரப் போறியோ, தெரியாத ஆள் வந்து..."

"ஏறுனா தெரியும். வண்டி வந்துருச்சு, வையி."

இரவு முழுவதும் அவள் போன் எடுக்கவில்லை. செயலியில் அந்த வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். மதுரை. திண்டுக்கல். திருச்சியில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். எழும்பூருக்கு என் மாணவி ஒருத்தி போயிருந்தாள். ஏழரைக்கு ஆட்டோ வந்து நின்றது. அம்மாவின் கையில் சாத்தூர் சேவு மூட்டை. உள்ளங்கையில் நீல மையால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது.

"யாரும்மா இது?"

"கூட வந்தவ. ராஜபாளையத்துக்காரி. மக பிரசவத்துக்கு வந்திருக்கா. ராத்திரி பூராம் பேசிக்கிட்டே வந்தோம், எங்க தூங்குறது. உன் கையெழுத்துல ஒரு தாள்ல எழுதி வையி, கை கழுவணும்" என்றாள்.